சிலுவை நிழலில் சூனியம் – 9: நாற்பது நாள் கெடு

மனைவியிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிய ஜான் லெ போயர், பூட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தலைமுடி கொட்டி, நகங்கள் உதிர்ந்து, எலும்பும் தோலுமாகிப் போன மனிதர். வேலைக்காரி ஒருத்தி காதில் போட்ட சேதிதான் அவரைப் படுக்கையிலிருந்து கிளப்பியது. பெட்டிக்குள் அருவருப்பான பொருட்கள் நிறைந்த ஒரு பை. அதை இரண்டு துறவிகளிடம் கொடுத்து ஆயருக்கு அனுப்பிவைத்தார்.

ஆண்டு 1324. ஊர், அயர்லாந்தின் கில்கென்னி. அந்த மனைவி, வட்டித் தொழிலில் கொழித்த ஆலிஸ் கைட்லர். ஜான் அவருக்கு நாலாவது கணவர். முந்தைய மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொத்தெல்லாம் முதல் கணவருக்குப் பிறந்த மகன் வில்லியம் அவுட்லா பக்கம் ஒதுங்கிவிட்டது. மற்ற கணவர்களின் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்று புகார் கொடுத்தார்கள். அடிப்படையில் இது பாகத் தகராறு என்பதே என் கணிப்பு.

ஆனால் புகார் போய்ச் சேர்ந்த இடம் வேறு. ஆயர் ரிச்சர்ட் லெட்ரெட், இங்கிலாந்துக்காரர், பிரான்சிஸ்கன் துறவி. 1317இல் அவரை நியமித்தவர் போப் இருபத்திரண்டாம் ஜான். அதே ஆண்டில்தான், மெழுகுப் பொம்மை செய்து போப்பைக் கொல்லப் பார்த்தார் என்று காஓர் நகரத்து ஆயரையே கொளுத்தினார்கள். சூனிய பயம் அப்போது அரண்மனைக்குள்ளேயே புகுந்திருந்தது.

பழைய திருச்சபை இப்படிப் பயப்படவில்லை. இரவில் விலங்குகள் மீதேறிப் பறப்பதாகச் சொல்லும் பெண்கள் கனவில் ஏமாந்தவர்கள், அதை நிஜமென்று நம்புவதுதான் தப்பு என்று 10ஆம் நூற்றாண்டுச் சபை விதி ஒன்று சொன்னது. லெட்ரெட்டின் குற்றப்பட்டியலோ வேறு ரகம்: கிறிஸ்துவை மறுத்தார்கள், நாற்சந்தியில் பேய்களுக்குப் பலி கொடுத்தார்கள், தலை வெட்டப்பட்ட திருடனின் மண்டையோட்டில் மருந்து காய்ச்சினார்கள், ‘ஆர்ட்டின் மகன் ராபின்’ என்ற பேயோடு ஆலிஸ் கூடினார். செய்வினை இப்போது மதத் துரோகம். அதற்குத் தண்டனை நெருப்பு. (நமக்குக் கிடைத்த ஏடு ஆயர் தரப்பில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.)

கைது செய்யச் சொல்லி அயர்லாந்தின் சான்சலருக்கு எழுதினார் ஆயர். சான்சலர் யார்? ரோஜர் அவுட்லா, ஆலிஸ் மகனின் உறவினர்! முதலில் சபை விலக்கம் செய்யுங்கள், நாற்பது நாள் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் சட்டம் பேசினார். மதத் துரோகத்துக்கு அந்தக் கெடு கிடையாது என்று ஆயர் மல்லுக்கு நின்றார்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிறைக்குப் போனது ஆயர்! கில்கென்னியின் நிர்வாகத் தலைவர் ஆர்னல்ட் லெ போயர் அவரைப் பிடித்து 17 நாள் அடைத்துவைத்தார். ஆயரும் விடவில்லை, மறைமாவட்டம் முழுக்கத் திருச்சடங்குகளை நிறுத்தினார். விடுதலையானபோது முழு ஆயர் உடையில் பவனியாக வெளியே வந்தார்.

நெருக்கடி முற்றியதும் ஆலிஸ் நாட்டை விட்டே தப்பினார். தன் பணிப்பெண் பெட்ரோனில்லாவின் மகள் பாசிலியாவையும் கூட்டிக்கொண்டு போனார். தாயை மட்டும் விட்டுவிட்டார்.

ஆயரின் ஆட்கள் பெட்ரோனில்லாவைப் பிடித்தார்கள். ஆறு முறை சாட்டையடி. அதன் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். ஆயர் பட்டியலில் இருந்த குற்றங்களை ஒவ்வொன்றாக, ‘ஆமாம், என் கண்ணால் பார்த்தேன்’ என்று...

(தொடரும்)