மலைக்காரனின் கண்ணும் ஆய்வுகூடத்தின் கணக்கும்



யாழ்ப்பாணச் செய்திகளைக் கேட்பவர்களுக்குக் "கேரளக் கஞ்சா" என்ற சொல் புதிதல்ல. பருத்தித்துறையில் இத்தனை கிலோ, மன்னாரில் இத்தனை கிலோ என்று வாரந்தோறும் யாரோ பிடிபடுகிறார்கள். அதே செய்தியைக் கேட்டுக்கொண்டு வோபர்னில் வீதியில் இறங்கினால், அதே செடியை அரசாங்க அனுமதியோடு விற்கும் கடையைக் காணலாம். ஒன்ராறியோவில் 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. "ஊரில் குற்றமாக இருப்பது இங்கே எப்படி வியாபாரமானது?" என்று வயதான நேயர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சட்டத்தின் வழியாகப் பதில் சொல்வதை விட, இந்தச் செடியை யார் வளர்த்தார்கள், எப்படி வளர்த்தார்கள் என்ற வழியாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். கஞ்சா பாவியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இளம் வயதில் அதிகமாகப் பாவிப்பது மனநோய்க்கு வழிவகுக்கலாம் என்பதை மருத்துவ உலகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நான் சொல்லப்போவது பயிரின் கதை.

ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி

1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டன் பாராளுமன்றத்தில் மதுவிலக்கு ஆர்வலரான வில்லியம் கெய்ன் என்பவர் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அதே ஆண்டு யூலையில் இந்திய அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் மக்வேர்த் யங். உறுப்பினர் ஏழு பேரில் மூவர் இந்தியர்கள். அவர்கள் இந்தியா முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். வைத்தியர்கள், கலெக்டர்கள், விவசாயிகள், வியாபாரிகள் என்று எல்லாத் தரப்பினரும் அதில் அடங்குவர். அளவான பாவனையால் சொல்லத்தக்க கெடுதல் இல்லை, முழுத்தடை தேவையும் இல்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் அறிக்கை எழுதினார்கள்.

இந்த முடிவைப் பலர் எடுத்துச் சொல்வதுண்டு. எனக்கு அந்த அறிக்கையில் அதைவிட முக்கியமாகப் படுவது, செடியை வளர்ப்பது எப்படி என்ற விபரங்கள்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் விவசாயியின் வாயிலிருந்து கேட்டு எழுதியவை அவை.

போத்தாரின் கண்

அக்காலத்தில் கஞ்சாப் பயிருக்குப் பேர்போன இடம் வங்காளத்தின் நௌகாவ். இன்று அது பங்களாதேசத்தில் இருக்கிறது. ஹேம் சந்திர கர் என்ற வங்காள அதிகாரி 1877இலேயே அங்குள்ள பயிர்முறையை விரிவாக எழுதிவைத்திருந்தார். பின்னர் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் 1893இல் இன்னோர் அறிக்கை எழுதினார்.

நமது பனையில் ஆண்பனை, பெண்பனை என்று இருப்பதுபோலக் கஞ்சாவிலும் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பிசின் நிறைந்த பூங்கொத்து பெண்செடியில்தான் கிடைக்கும். ஆண்செடியின் மகரந்தம் காற்றில் வந்து பட்டுவிட்டால் பெண்செடி விதை பிடித்துவிடும். சரக்கின் தரம் போய்விடும். ஆகவே ஆண்செடி பூக்க முன்னரே அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கவேண்டும். இதற்கென்றே நௌகாவில் "போத்தார்" என்ற ஆட்கள் இருந்தார்கள். அரசாங்க அறிக்கைகள் அவர்களைக் "கஞ்சா வைத்தியர்" என்றும் குறிப்பிட்டன. போத்தார் என்றால் முதலில் நாணயம் சோதிப்பவன் என்று அர்த்தம். நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பார்ப்பவன் போல, வயலில் வரிசை வரிசையாக நடந்து, பார்த்த மாத்திரத்தில் ஆண்செடியைக் களைந்துகொண்டு போவான். இரண்டொன்று தப்பினாலும் அயல் வயல்களுக்கும் சேர்த்துச் சேதம்.

யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர்களுக்கு இது விளங்கும். எந்த நாளில் நுனி கிள்ளவேண்டும், எந்தப் பக்கக் குருத்தை முறிக்கவேண்டும் என்பது புத்தகத்தில் படித்து வந்த அறிவா? தகப்பனோடு தோட்டத்தில் நின்று வந்த அறிவல்லவா?

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. நௌகாவில் போத்தாரின் கண்ணும் அரசாங்கத்தின் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பயிரிட அனுமதிப் பத்திரம் வேண்டும், அறுவடை அரசு மேற்பார்வையில் களஞ்சியத்துக்குப் போகவேண்டும். 1917இல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அந்த வருமானத்தில் பாடசாலைகளும் மருந்தகங்களும் நடந்தன.

மலை ஏறிய செடி

நௌகாவ் சமவெளி. ஆனால் இந்தச் செடியின் பழைய வீடு மலைதான். இமயமலைப் பக்கம் குமாவோன், கர்வால் பகுதிகளில் வீட்டோரத்து உரம் நிறைந்த நிலத்தில் அதை வளர்த்தார்கள். தண்டின் நாரில் கயிறும் சாக்கும் செய்தார்கள். விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்தார்கள். அது இன்றும் உண்டு, விதையில் மயக்கம் இல்லை. இன்னும் உயரத்தில், ஏறக்குறைய 2,600 மீற்றரில் இருக்கும் மலானா போன்ற ஊர்களில் பூங்கொத்தை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிப் பிசின் எடுத்தார்கள். நார், விதை, பிசின், எஞ்சியது மண்ணுக்கு உரம். எதுவும் வீணாகவில்லை.

தமிழ் மண்ணிலும் ஒரு மலை உண்டு. ஆணைக்குழுவுக்குப் பிந்திய காலத்தில் சென்னை மாகாணத்தில் இந்தப் பயிர் ஒருசில இடங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஒன்று குண்டூர்ப் பக்கச் சமவெளி. மற்றது வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை. சாமையும் வரகும் விதைத்து, காட்டில் தேன் எடுத்து வாழும் பழங்குடி மக்களின் மலை அது.

மலையில் ஏன் நன்றாக வருகிறது என்று கேட்டால், "வெயில் கடுமை, இரவு குளிர்" என்று மலைக்காரர் சொல்வார்கள். விஞ்ஞானமும் இதை அளந்து பார்த்திருக்கிறது. ஒவ்வோர் 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும், புற ஊதாக் கதிர் 10 சதவீதமளவு கூடும். செடி தன்னைக் காக்கவே பிசினைக் கூட்டுகிறது என்று பலர் நம்பினார்கள். 1987இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வும் புற ஊதாக் கதிர் பட்ட செடிகளில் மயக்கப் பொருள் கூடியதாகச் சொன்னது. ஆனால் 2021இல் நமது ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் இன்றைய செடிகளில் சோதித்தபோது, விளைச்சலும் கூடவில்லை, சத்தும் கூடவில்லை. கதிர் கூடக்கூடச் செடிதான் வாடியது.

அப்படியானால் மலைக்காரர் சொன்னது பொய்யா? அப்படி நான் நினைக்கவில்லை. காய்ந்த காற்றில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு. தலைமுறை தலைமுறையாக நல்ல செடியின் விதையைப் பார்த்து எடுத்துவைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மலைக்காரரின் கண் விளைவைச் சரியாகக் கண்டது. காரணம் எது என்று பிரித்துப் பார்க்கக் கணக்கு வேண்டியிருந்தது.

கண்ணும் கணக்கும் பிரிந்தது

கனடா 1923இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பாராளுமன்றத்தில் விவாதமே நடக்கவில்லை. 1925இல் ஜெனீவா உடன்படிக்கை. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். 1961இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை. 1985இல் இந்தியாவின் போதைப்பொருள் சட்டம்.

தடை வந்ததால் செடி அழியவில்லை. மறைவிடம் தேடிப் போனது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் தெரியும் இடுக்கி மலைக்காடுகளில் மரம் வெட்டி மறைவாகப் பயிர் செய்தார்கள். "இடுக்கி கோல்ட்" என்று அதற்குப் பெயர் வந்தது. 2013இல் அந்தப் பெயரில் மலையாளப் படமே வந்தது. கேரளத்தில் பிடி இறுகியபோது பயிர் ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளுக்கு நகர்ந்தது. 2021–22இல் அங்கே பொலிசார் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகளை வெட்டி எரித்தார்கள். பணம் போட்டவர் வெளியூர்க்காரர். பயிரிட்டுப் பிடிபட்டவர் ஆதிவாசி. நமது கடற்கரையில் பிடிபடும் படகோட்டியின் கதையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

மேற்கு நாடுகளில் அதே செடி காட்டுக்குப் பதிலாக அறைக்குள் ஒளிந்தது. ஜன்னல் அடைத்த நிலக்கீழ் அறையில் மின்விளக்கே சூரியன். கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி சட்டம் மாறிய பின்னரும் அந்தப் பழக்கம் முற்றாக மாறவில்லை. ஒட்டாவாவுக்கு அருகில் சிமித்ஸ் ஃபோல்ஸ் என்ற ஊரில் ஹேர்ஷி சொக்லற் தொழிற்சாலை 2008இல் மூடப்பட்டது. பிறகு கனொப்பி குரோத் நிறுவனம் அதே கட்டடத்தில் பெரிய கஞ்சாத் தொழிற்சாலை நடத்தியது. 2023 பெப்ரவரியில் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். ஹேர்ஷி நிறுவனமே கட்டடத்தைத் திரும்ப வாங்கியது.

இந்த அறை விவசாயத்தின் செலவை 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கிலோ உலர்ந்த பூ எடுக்க, இடத்தைப் பொறுத்து 2,283 தொடக்கம் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான மாசு. விளக்கும், காற்றைச் சூடாக்கிக் குளிராக்கி ஈரத்தை எடுப்பதும் தின்னும் சக்தி அது. மலானாவில் வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்த வேலை!

திரும்பும் வழி

இப்போது அரசுகள் மலைக்குத் திரும்பிப் போகின்றன. 2018இல் உத்தரகண்ட் மாநிலம் மயக்கப் பொருள் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத நார்ச்செடிக்கு அனுமதி கொடுத்தது. ஹிமாச்சலப் பிரதேசம் 2025 தொடக்கத்தில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களோடு பரீட்சார்த்தப் பயிருக்கு ஒப்புதல் கொடுத்தது. 2020 டிசெம்பரில் ஐ.நா. ஆணைக்குழு கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் எடுத்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் போத்தார்கள் போய்விட்டார்கள். வங்காளத்துக் கூட்டுறவு வயல்களும் 1980களில் முடிந்தன. பல்கலைக்கழகம் இன்று புதிதாகக் கண்டுபிடிப்பதில் ஒரு பங்கு, ஒரு கிழவன் வயலில் நடந்தே அறிந்திருந்தது. அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நமக்கும் இது பழக்கமான இழப்புத்தான். இடம்பெயர்ந்த தோட்டக்காரனின் அறிவு அவனோடேயே இடம்பெயரும்; கேட்க ஆள் இல்லாவிட்டால் அவனோடேயே முடியும்.

நமது பின்வளவுகளைப் பாருங்கள். ஒக்டோபர் உறைபனிக்கு முன் பாகற்காயைப் பறித்து முடிப்பதும், கறிவேப்பிலைச் சாடியைச் சரியான நாளில் உள்ளே எடுப்பதும் இந்தக் குளிர்நாட்டில் நம்மவர் கண்ணால் கற்றவைதான். எந்தக் கன்றுக்கு எந்த நாள், எந்த ஜன்னல் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது கண்ணும் கணக்கும் சேரும் வேலை.

முடிக்க முன் ஒரு விடயம். கடையில் விற்கிறார்கள் என்பதற்காக எல்லாம் சட்டபூர்வமாகிவிடவில்லை. எல்லை கடந்து கஞ்சா கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம், அமெரிக்காவுக்கானாலும் சரி, இலங்கைக்கானாலும் சரி. போதையில் வாகனம் ஓட்டுவது 2018 டிசெம்பர் 18 முதல் பாரதூரமான குற்றமாகக் கொள்ளப்படுகிறது. இன்னும் குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவாளராக இருப்பவர், இதில் குற்றவாளியானால் நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்கக்கூடும். ஒருமுறை வீடு இழந்து வந்த குடும்பங்கள் நாம். பேரப்பிள்ளைகளோடு இதை வெட்கப்படாமல், மிரட்டாமல் பேசுங்கள். அவர்கள் கேட்கும்போது செடியின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.