எளிய சொல்லும் அகராதியும்

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி எனக் கருதப்படுவது, 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட, ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்ட சிறு நூலாகும். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்து சேர்ந்த அருஞ்சொற்களை விளக்குவதே அதன் நோக்கமாதலால், எவரும் அறிந்த அன்றாடச் சொற்களுக்கு அதில் வேலை இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அவையும் அகராதிக்குள் வந்தபோது, எளிய சொல்லுக்குப் பொருள் எழுதுவதே அரிது என்பது புலப்பட்டது. 1755இல் வெளியான தம் பேரகராதியில், வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்குச் சாமுவேல் ஜான்சன் எழுதிய விளக்கம், அச்சொல்லைவிடக் கடினமான லத்தீன் வழிச் சொற்களால் ஆனது.

இச்சிக்கலுக்குத் தீர்வு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வகுப்பறைகளிலிருந்தே வந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் விரைவில் படிக்கப் பழகுவதற்காக, அடிக்கடி வழங்கும் சொற்களை மட்டும் கொண்டு பாட நூல்களை அமைத்தார். அதே முறையில் அவர் ஜே. ஜி. எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதி, 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் நின்றே விளக்கியது. விளக்கம் எழுதுவதற்கென இவ்வாறு வரையறுத்துக்கொள்ளும் சொற்கூட்டத்தை 'விளக்கச் சொற்றொகுதி' எனலாம்.

பொருள் தெரிந்தும் சொல்லை வாக்கியத்தில் அமைக்கத் தடுமாறுவோரின் குறையை ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி கவனித்தார். அவர் இருவருடன் சேர்ந்து தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, ஒரு வினைச்சொல் எவ்வகை வாக்கிய அமைப்புகளில் வரும், ஒரு பெயர்ச்சொல் எண்ணத்தக்க பொருளைக் குறிப்பதா அன்றா என்பவற்றையும் காட்டியது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை மறுபதிப்பாகக் கொணர்ந்தது. 1978இல் லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டு விளக்கங்களை எழுத, 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, ஆசிரியர் வகுப்பில் சொல்வதுபோல் முழு வாக்கியங்களாலேயே பொருள் கூறியது.

அருஞ்சொல் அகராதிகள் பொருட்படுத்தாத 'கெட்', 'டேக்' போன்ற சிறு சொற்களே, பயில்வோர் அகராதிகளில் இன்று பத்தி பத்தியாக இடம்பெறுகின்றன.