ஆங்கிலோ-சாக்சன் காவியங்களில் வீரமும் போர்வீரர் சமுதாயமும்

கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றும் வரை அங்கு ஆட்சி செலுத்திய செருமானிய இனத்தவர் ஆங்கிலோ-சாக்சன்கள் எனப்படுகின்றனர். இவர்கள் பழைய ஆங்கிலத்தில் பாடிய வீரப் பாடல்களுள் மிகச் சிலவே இன்று கிடைக்கின்றன. அவற்றுள் ‘பேவுல்ஃப்’ காவியமும் ‘மால்டன் போர்’ என்னும் பாடலும் முதன்மையானவை. இப்பாடல்களில் வீரம் என்பது வெறும் உடல் வலிமை அன்று. தலைவனுக்கும் அவனைச் சார்ந்த வீரனுக்கும் இடையே உள்ள வாக்குறுதியைக் காப்பதே வீரம். அந்த வாக்குறுதியைப் போற்றும் பாடல்களே அது முறியும் இடங்களையும், அதனால் மக்கள் அடையும் துன்பத்தையும் காட்டுகின்றன.

தலைவனும் தோழர்களும்

செருமானியத் தலைவர்களைச் சூழ்ந்து வாழ்ந்த வீரர் குழுவைப் பற்றி உரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டசு கி.பி. 98இல் எழுதிய ‘செர்மானியா’ என்னும் நூலில் குறிப்பிடுகிறார். போரில் தன் வீரர்களைவிடத் தலைவன் பின்தங்குவது அவனுக்கு இழிவு. தலைவன் மாண்ட பின் உயிரோடு திரும்புவது வீரனுக்கு வாழ்நாள் முழுவதும் இழிவு என்பது அவர் தரும் செய்தி. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த ஆங்கிலோ-சாக்சன் பாடல்களிலும் இதே கருத்தைக் காணலாம்.

இக்கருத்து பாட்டில் மட்டும் இருந்ததன்று. 786இல் வெசெக்சு அரசன் சினெவுல்ஃப், அரச குடும்பத்தைச் சேர்ந்த சினெகார்டு என்பவனால் கொல்லப்பட்டான். மறுநாள் வந்த அரசனின் ஆட்களுக்குச் சினெகார்டு பொன்னும் நிலமும் தருவதாகக் கூறினான். அவர்களின் உறவினர் சிலர் தன் பக்கம் இருப்பதையும் எடுத்துரைத்தான். தம் தலைவனைவிட நெருங்கிய உறவு எதுவும் இல்லை என்று அவர்கள் மறுத்துப் போரிட்டதாக ‘ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு’ பதிவு செய்துள்ளது.

மண்டபமும் கொடையும்

இந்த உறவு வளர்ந்த இடம் தலைவனின் மண்டபம். வீரர்கள் அங்கே ஒன்றாக உண்டு, தேன்மது அருந்தி, ‘ஸ்கோப்’ எனப்பட்ட பாணர்களின் பாடல்களைக் கேட்டனர். பேவுல்ஃப் காவியத்தில் டேனியர் அரசன் ஹ்ரோத்கார் கட்டிய ஹெயோரோட் என்னும் மண்டபம் இத்தகையது. வாள், கவசம், குதிரை, பொன் வளையம் ஆகியவற்றைத் தலைவன் வீரர்களுக்கு வழங்கினான். அரசனைக் குறிக்கப் பாடல்கள் கையாளும் பெயர்களுள் ‘வளையங்களை வழங்குபவன்’ என்பதும் ஒன்று.

இக்கொடை கூலி அன்று. செஞ்சோற்றுக் கடனுக்கு அடையாளம். ஹ்ரோத்கார் தந்த பரிசுகளைப் பேவுல்ஃப் தன் நாட்டு அரசன் ஹிகெலாக்கிடம் ஒப்படைக்கிறான்; ஹிகெலாக் அவனுக்கு வாளும் நிலமும் மண்டபமும் அளிக்கிறான். பொருள் கைமாறும்போது உறவு உறுதிப்படுகிறது. தன் தோழர்களைக் கொன்று, பொருளை வழங்காமல் வைத்துக்கொண்ட ஹெரெமோட் என்னும் அரசனைத் தீய அரசனுக்கு எடுத்துக்காட்டாக ஹ்ரோத்கார் சுட்டிக்காட்டுகிறான். 1939இல் சப்போக் பகுதியின் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டுக் கப்பல் புதைகுழியில் தலைக்கவசம், வாள், பொன் அணிகள், யாழ் ஆகியவை கிடைத்தன. காவியம் பாடும் செல்வம் முற்றிலும் கற்பனை அன்று என்பதை இது காட்டியது.

பழியும் உயிர்விலையும்

உறவினனோ தலைவனோ கொல்லப்பட்டால் பழிவாங்குவது கடமையாகக் கருதப்பட்டது. பழி தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதைத் தடுக்க, கொலைக்கு ஈடாகப் பணம் செலுத்தும் ‘வெர்கில்டு’ என்னும் உயிர்விலை முறை இருந்தது. வெசெக்சில் உயர்குடியினரின் உயிர்விலை 1200 சில்லிங். சாதாரண உழவனின் உயிர்விலை 200 சில்லிங்.

பகைக் குலங்களை இணைக்க மகளிரை மணம் செய்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் பயன் தரவில்லை என்பதைப் பேவுல்ஃப் காட்டுகிறது. பிரீசிய அரசன் பின்னுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்ட டேனிய இளவரசி ஹில்டெபுர், இரு குலங்களுக்கும் இடையே மூண்ட சண்டையில் தன் அண்ணன் தம்பியருள் ஒருவனையும் மகனையும் ஒருசேர இழக்கிறாள். பின்னர்க் கணவனும் கொல்லப்படுகிறான்.

பேவுல்ஃப்: வீரனும் அரசனும்

3182 அடிகள் கொண்ட இக்காவியம், ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் படியில் கிடைத்துள்ளது. 1731இல் ஏற்பட்ட தீயில் அப்படியின் ஓரங்கள் கருகின. கதை இங்கிலாந்தில் நிகழ்வதன்று, எசுக்காண்டினாவியாவில் நிகழ்கிறது. இளமையில் பேவுல்ஃப் கிரெண்டல் என்னும் கொடிய உயிரையும் அதன் தாயையும் கொல்கிறான். பின்னர் கீட் இன மக்களுக்கு 50 ஆண்டுகள் அரசனாக இருந்து, முதுமையில் தீக்கக்கும் வேதாளத்தை எதிர்கொள்கிறான்.

அந்த இறுதிப் போரில் அவனுடன் சென்ற வீரர்களுள் பத்துப் பேர் காட்டுக்குள் ஓடி ஒளிகின்றனர். விக்லாஃப் என்னும் இளைஞன் மட்டும் துணைக்கு வருகிறான். மண்டபத்தில் மது அருந்தியபோது அளித்த வாக்கையும், அரசன் தந்த கவசங்களையும் அவன் மற்றவர்களுக்கு நினைவூட்டுகிறான். வேதாளம் கொல்லப்படுகிறது, அரசனும் இறக்கிறான். வேதாளத்தை விட்டுவிடுமாறு அறிவுரை கூறியும் அரசன் கேட்கவில்லை என்றும், ஒருவனுடைய விருப்பத்தால் பலர் துன்புற நேர்கிறது என்றும் விக்லாஃப் வருந்துகிறான். இனி அண்டை நாட்டார் படையெடுப்பர் என்ற அச்சம் மக்களிடையே பரவுகிறது. இளைஞனுக்குப் புகழ் தந்த அதே துணிவு, அரசனான பின் நாட்டைக் காவலின்றி விட்டுவிடுகிறது.

மால்டன் போர்

991 ஆகத்து மாதத்தில் எசெக்சின் மால்டன் அருகே, பிர்ட்நாத் என்னும் தலைவர் வைக்கிங் படையை எதிர்த்தார். பணம் கொடுத்தால் திரும்பிவிடுவதாக வைக்கிங்குகள் கூறியதை அவர் ஏற்கவில்லை. ஆற்றைக் கடக்கும் குறுகிய வழியைத் தம் வீரர்கள் காத்து நின்றபோதும், எதிரிகள் கடந்து வந்து போரிட அவர் இடமளித்தார். இச்செயலைக் குறிக்கப் பாடல் கையாளும் சொல்லுக்குச் செருக்கு என்று பொருளா, மிகுந்த துணிவு என்று பொருளா என அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

பிர்ட்நாத் வீழ்ந்ததும், காட்ரிக் என்பவன் அவருடைய குதிரையிலேயே ஏறி ஓடினான். தலைவரே ஓடுகிறார் என்று எண்ணிப் பலர் சிதறினர். எஞ்சியவர்கள் வெற்றி கிட்டாது என்று தெரிந்தும் நின்று போரிட்டு மடிந்தனர். அவர்களுள் உயர்குடியினர் மட்டுமன்றி, துன்னெரே என்னும் எளிய குடிமகனும் இருந்தான். அதே ஆண்டில் இங்கிலாந்து வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு வெள்ளி செலுத்தியது. போர்க்களத்தில் மறுக்கப்பட்ட கப்பத்தை நாடு கட்டவே நேர்ந்தது.

பாடல்களை எவ்வாறு படிப்பது?

இப்பாடல்களை எழுத்தில் பாதுகாத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். எனவே பேவுல்ஃபில் பழைய புகழ் வேட்கையும், செருக்கை எச்சரிக்கும் கிறித்தவ அறவுரையும் அருகருகே காணப்படுகின்றன. மேலும், மக்களில் பெரும்பாலோர் உழவர்களும் அடிமைகளுமாக இருந்தபோதும் அவர்கள் இப்பாடல்களில் அரிதாகவே தோன்றுகின்றனர். ஆகவே இவற்றை முழுச் சமுதாயத்தின் படமாகக் கொள்ளாமல், போர்வீர மேட்டுக்குடியினர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த இலட்சியமாகக் கொள்வதே பொருத்தம். அந்த இலட்சியத்துக்குக் கொடுக்க நேர்ந்த விலையையும் பாடல்களே மறைக்காமல் கூறுகின்றன. வரலாற்று மாணவருக்கு அவை பயன்படுவது அதனாலேயே.