சூரியன் துறை கடக்கும் நாள்

ஐப்பசி மாதம் முதல் தேதி விடியுமுன்பே பரமத்தி வேலூரில் காவிரிக் கரைக்குப் போகிறவர்கள் சிலர் உண்டு. ஆடிப் பெருக்குக்குத் திரளுகிற கூட்டத்தோடு இதை ஒப்பிட முடியாது. அன்றைக்குப் புதுமணத் தம்பதிகளும் முளைப்பாலிகையும் சித்திரான்னமுமாகக் கரை கலகலக்கும். ஐப்பசிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு செம்பு, உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கிழக்கே பார்த்து நிற்பார்கள். பஞ்சாங்கத்தில் அன்றைய தேதிக்கு எதிரே ‘துலா விஷு புண்ணிய காலம்’ என்று போட்டிருக்கும்.

அந்த நாளையொட்டி, ஆற்றின் மறுகோடியில், குடகு மலையில் தலைக்காவேரியிலும் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிறிய குண்டிகை. அதுதான் காவேரியின் பிறப்பிடம். சூரியன் துலா ராசியில் அடியெடுத்து வைக்கும் கணத்தில் அதில் நீர் குமிழியிட்டுப் பொங்கும் என்பது நம்பிக்கை. தீர்த்தோத்பவம் என்று அதற்குப் பெயர். நள்ளிரவோ, நடுப்பகலோ, எப்போது கணக்கு வருகிறதோ அப்போதே முழுக்கு.

விஷு என்றதும் மலையாளத்துக் கனியும் கைநீட்டமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது சித்திரை விஷு. அதற்கு உடன்பிறப்பு இந்த ஐப்பசி விஷு. பகலும் இரவும் சமமாக நிற்கும் நாள் என்பது பொருள். சொல் மிகப் பழையது. வேத காலத்தில் வருஷம் முழுவதும் நடந்த ஒரு யாகத்தில் நடுநாளுக்கு விஷுவான் என்று பெயர் வைத்திருந்தார்கள். வருஷம் ஒரு மனிதன், முன்பாதியும் பின்பாதியும் அவனுடைய வலப்பக்கமும் இடப்பக்கமும், விஷுவான் அவன் தலை என்று ஐதரேய பிராம்மணம் விளக்குகிறது. சோழ நாட்டுக் கோயில்களில் ஐப்பசி விஷுவுக்கும் சித்திரை விஷுவுக்கும் சுவாமியை நீராட்ட நெல்லும் பொன்னும் எழுதிவைத்த கல்வெட்டுகள் உண்டு.

இவ்வளவும் சரி. ஆனால் ஐப்பசி முதல் தேதியன்று பகலும் இரவும் சமமாக இருக்கிறதா?

இல்லை. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18. அசல் சமநாள் செப்டம்பர் 22 அல்லது 23-லேயே, புரட்டாசி முதல் வாரத்திலேயே, வந்து போய்விடுகிறது. இதை அறிய வானசாஸ்திரக் கூடம் எதுவும் வேண்டாம். வேலூரில் ஏதாவதொரு மைதானத்தில் பத்தடிக் கம்பம் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, காலையிலிருந்து மாலைவரை நிழலின் நுனியைக் கூழாங்கல்லால் குறித்துக்கொண்டே வந்தால் போதும். மற்ற நாட்களில் அந்தக் கற்கள் வில்லாக வளையும். சமநாளன்று மட்டும் மேற்கிலிருந்து கிழக்காக நூல் பிடித்தாற்போல் நேர்கோடாக நிற்கும். உச்சிப் பொழுதில் நிழல் வடக்கே இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக விழும். நம் முன்னோர்களுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது. நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்தவர்கள் கோல் நட்டு நிழல் பார்த்துத்தான் திசை குறித்தார்கள். அதே பாட்டில், அரசியின் கட்டிலுக்கு மேலே ஆட்டை முதலாகக் கொண்ட ராசி மண்டலம் சித்திரமாக எழுதியிருந்தது என்றும் வருகிறது.

பின் எங்கே பிசகு வந்தது? பூமி பம்பரம்போல் சுழல்கிறது. பம்பரத்தைப்போலவே அதன் அச்சும் மெதுவாகத் தள்ளாடுகிறது. ஒரு முழுத் தள்ளாட்டத்துக்குச் சுமார் 25,800 வருஷம். அதனால் நட்சத்திரத்தை வைத்து அளக்கிற வருஷம், பருவத்தை வைத்து அளக்கிற வருஷத்தைவிட இருபது நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. இருபது நிமிஷம் என்ன பெரிய காலம் என்று தோன்றும். ஏறக்குறைய 71 வருஷத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது. பருவம் நழுவிப் போயிற்று. இரண்டும் ஒன்றாக இருந்த காலம் கி.பி. 285 என்று அரசாங்கக் கணக்கு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசி என்று பழைய சித்தாந்தக்காரர்களின் கணக்கு. முதல் கணக்கின்படி பார்த்தால், ராஜராஜன் தஞ்சையில் கோயில் கட்டி முடித்த 1010-லேயே ஐப்பசி விஷு பத்து நாள் பிந்திவிட்டது. கல்வெட்டில் நெல் எழுதிவைத்தவர்கள் அன்றைக்கே சமநாளைத் தவற விட்டவர்கள்தான்.

யாருக்கும் தெரியாமல் நடந்த திருட்டு என்று இதைச் சொல்லவும் முடியாது. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வராகமிகிரர், தட்சிணாயனம் பிறக்கும் இடம் முன்னோர் நூல்களில் ஒன்றாக இருக்கிறது, தம் காலத்தில் வேறாக இருக்கிறது என்று பிருஹத் சம்ஹிதையில் எழுதினார். நூலும் வானமும் மாறுபட்டால் கண்ணால் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நிழலை வைத்துப் பார்க்கும் வழியையும் சொன்னார். எத்தனை தைரியம்! ஐரோப்பாவில் இதே மாதிரி ஒரு பிசகுக்குப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-ல் பத்து நாளையே வெட்டி எறிந்தார். அக்டோபர் 4-ம் தேதி இரவு தூங்கினவர்கள் 15-ம் தேதி காலையில் கண்விழித்தார்கள். நம் நாட்டிலும் 1952-ல் விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அது 1955-ல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் பருவத்தோடு ஒட்டிய தேசியப் பஞ்சாங்கம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆசுவின மாதம் பிறப்பது செப்டம்பர் 23. அசல் துலா விஷுவை ஒட்டிய நாள்தான். அரசாங்க கெஜட்டின் தலைப்பில் அந்தத் தேதி இருக்கிறது. ஆற்றில் அந்தத் தேதிக்கு யாரும் முழுகவில்லை.

வேலூர்ப் பக்கத்தில் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இந்தக் கணக்கையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்க, நாளு முந்துனா என்னங்க, பிந்துனா என்னங்க? ஆத்துல தண்ணி வருதுங்களா, அதப் பாருங்க” என்றார்.

வெற்றிலைக்குத் தராசு கிடையாது. கவுளி கவுளியாக எண்ணித்தான் விற்கிறார்கள். துலாக்கோலைப் பற்றி அவருக்கு அதிகக் கவலை இல்லாததில் ஆச்சரியமில்லை.

எனக்குக் கவலை உண்டு. நாள் நகர்ந்ததைவிட, அந்த நாளுக்கு நாம் என்ன அர்த்தம் கொடுக்கிறோம் என்பதில். மேல்நாடுகளில் இப்போது கிறிஸ்துவத்துக்கு முந்தைய பழைய வழிபாடுகளை உயிர்ப்பிக்கிறோம் என்று ஒரு கூட்டத்தார் இந்தச் சமநாளைக் கொண்டாடுகிறார்கள். அவர்களைக் குறிக்கும் ‘பேகன்’ என்ற சொல்லுக்கு லத்தீன் மூலம் பட்டிக்காட்டான் என்பது. அந்த வகையில் நாமெல்லோரும் அவர்களுக்கு உறவு. ஆப்பிளும் தானியமும் படைத்து, ஒளியும் இருளும் சரிநிகராக நிற்கும் நாளில் மனமும் சமநிலை அடைய வேண்டும் என்று தியானம் செய்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அவர்கள் பண்டிகைக்குச் சொல்லும் ‘மாபன்’ என்ற பெயர் 1970-களில் ஓர் அமெரிக்கர் பழைய வேல்ஸ் கதை ஒன்றிலிருந்து எடுத்து வைத்தது. பழைய ஆங்கிலேயர் செப்டம்பரைப் புனித மாதம் என்று அழைத்ததாகப் பீட் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் புனிதத்தில் என்ன செய்தார்கள் என்று அவர் எழுதவில்லை.

லண்டனில் நீண்ட பகல் பதினாறரை மணிக்கு மேல். குறுகிய பகல் எட்டு மணிகூட இல்லை. அங்கே இலையுதிர்காலச் சமநாள் என்றால் இருட்டின் வாசல். வேலூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணிதான். விளக்கேற்றும் நேரம் கொஞ்சம் முன்பின்னாகும், அவ்வளவே. இருட்டுக்குப் பயந்து நம்மவர் இந்த நாளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஐப்பசியில் நமக்குப் பயம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான்.

அப்படியானால் என்னதான் கண்டார்கள்? சமநிலை என்ற சொல் நம்மை மயக்குகிறது என்பது என் அபிப்பிராயம். துலாம் என்றதும் முள் அசையாமல் நடுவில் நிற்கும் தராசை நினைத்துக்கொள்கிறோம். வானத்தில் நடப்பது நேர்மாறு. சூரியன் நின்று நிதானிப்பது ஆனி, மார்கழி முதல் வாரங்களில், அயனம் அசலாகத் திரும்பும் வேளையில். அப்போது நாட்கணக்கில் ஒரே இடத்தில் உதிப்பதுபோல் இருக்கும். சமநாளில்தான் அது ஓட்டமாக ஓடுகிறது. ஒரே நாளில் தன் குறுக்களவில் முக்கால் பங்கு தெற்கே போய்விடுகிறது. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையில் பழைய தட்டுத் தராசைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முள் நடுவைத் தாண்டும்போதுதான் அதன் வேகம் அதிகம்.

அதனால் அன்றைய தினம் சூரியன் சமநிலையில் நிற்கிறது என்பதைவிட, கோட்டைக் கடக்கிறது என்பதே பொருந்தும். சூரிய சித்தாந்தம் அப்படித்தான் சொல்கிறது. வடகோடியில் மேருவின் மேல் தேவர்கள், தென்கோடியில் அசுரர்கள். சித்திரை விஷுவில் தேவர்களுக்குச் சூரியன் உதிக்கிறது. ஐப்பசி விஷுவில் அஸ்தமிக்கிறது. அதே கணத்தில் அசுரர்களுக்கு விடிகிறது. இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டியதில்லை. வட துருவத்தில் வாஸ்தவமாகவே வருஷத்துக்கு ஓர் உதயம், ஓர் அஸ்தமனம். நம் பாட்டிமார் கணக்கு வேறு. மார்கழி தேவர்களின் விடியற்காலை என்பார்கள். இரண்டு கணக்குக்கும் ஒத்துவராது. ஒத்துவராததைப் பற்றி பாட்டிமாரும் கவலைப்பட்டதில்லை, தேவர்களும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடப்பது என்று வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வந்து சேர்கின்றன. ஜப்பானில் இந்தச் சமநாளை நடுவில் வைத்து ஏழு நாள் ஹிகான் அனுஷ்டிக்கிறார்கள். ஹிகான் என்றால் ‘அக்கரை’. சூரியன் நேர் மேற்கே மறைகிற நாள் அது. அமிதாப புத்தரின் சுத்த லோகமும் நேர் மேற்கே. குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், நீர் ஊற்றிக் கழுவி, இறந்தவர்களுக்குச் சோற்று உருண்டை படைத்து வணங்குகிறார்கள். நம் ஊரில் மகாளய பட்சம் வருவதும் இந்தச் சமநாளின் அக்கம்பக்கத்தில்தான். இதில் ஒரு வேடிக்கை. விஷு நகர்ந்து விலகிப் போயிற்று. பித்ருக்களின் பட்சமோ அதே நகர்ச்சியால் சமநாளை நெருங்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. அமாவாசையன்று வேலூர்க் கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள், அசல் துலா விஷுவின் வேலையைத் தெரியாமலே செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. செத்தவர்களுக்கும் ஓர் ஆறு இருக்கிறதே, வைதரணி! அதைக் கடக்கத்தானே இவ்வளவும்.

தீர்த்தம் என்ற வடசொல்லுக்கே மூலப் பொருள் கடக்கும் இடம் என்பது. தமிழில் அதைத் துறை என்கிறோம். வேலூரும் அப்படி ஒரு துறைதான். சேலத்துக்காரன் கரூருக்குப் போக இங்கேதான் காவிரியைத் தாண்ட வேண்டும். பாலம் வருவதற்கு முன்னால் பரிசல். இன்று பாலத்தின்மேல் லாரிகள் ஓடுகின்றன. அவற்றில் போகிறவர்களில் சிலர், ஆறு கண்ணில் பட்டதும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அரசர்களும் இந்தக் கடப்பை ஒரு தராசில் ஏறித்தான் செய்தார்கள். துலாபுருஷ தானம் செய்ய உகந்த காலங்களை மத்ஸ்ய புராணம் சொல்லும்போது அயனத்தோடு விஷுவையும் சேர்க்கிறது. ராஜராஜன் தன் 29-ம் ஆட்சியாண்டில் திருவிசலூர்க் கோயிலில் துலாபாரம் ஏறினான். அவன் தேவி தந்திசக்தி விடங்கி, பொன்னால் செய்த பசுவினுள் புகுந்து வெளிவரும் ஹிரண்யகர்ப்பம் செய்தாள். அது அவன் ஆட்சியின் கடைசிக் கட்டம். கிழ அரசன் ஒரு தட்டில் உட்கார, எதிர்த்தட்டில் பொன் ஏற ஏற, அவன் தரையைவிட்டு மெல்ல எழும்புவதை நினைத்துப் பார்க்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல காட்சி அகப்படாது. எடை சரியானதும் பொன் தானமாகப் போய்விடும். அரசன் வெறுங்கையோடு இறங்கி வருவான்.

பண்டிகையை 24 நாள் முன்னால் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போகிறவர்கள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி முழுவதும் அரங்கனின் திருமஞ்சனத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் தண்ணீர் வருகிறது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில். இந்த ஏற்பாட்டை எந்தக் கமிட்டி மாற்றும்? ஆனால் செப்டம்பர் 23-ந் தேதி வேலூரில் ஒரு வாத்தியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒரு கம்பு நட்டு, நிழல் நேர்கோட்டில் நகர்வதைக் காட்டினால் வராகமிகிரருக்குச் செய்ய வேண்டிய தர்ப்பணம் அதுவாக இருக்கும்.

காவிரி இன்னும் கீழே இறங்கி மயிலாடுதுறையை அடையும்போது ஐப்பசி ஸ்நானத்துக்கு ஒரு கடைசி நாள் வருகிறது. ‘கடைமுகம்’ என்பார்கள். அந்த மாதத்துக்குள் வந்து முழுக வேண்டும் என்று கால் இல்லாத ஒருவன் எங்கிருந்தோ புறப்பட்டானாம். நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. படியில் உட்கார்ந்து அழுதவனுக்கு ஈசன் ஒரு நாள் தவணை கொடுத்து, இன்றைக்கு முழுகினாலும் அதே பலன் என்றாராம். கார்த்திகை முதல் தேதி அங்கே முடவன் முழுக்கு. இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள்தான் அன்றைக்கு அதிகமாக வருகிறார்கள்.