தலையும் கழுத்தும் கூடுமிடம்: ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறு

மண்டையோட்டைத் தாங்கும் முதலாம் கழுத்து முள்ளென்புக்கு மேனாட்டார் அற்லஸ் என்று பெயரிட்டனர். வானைத் தோளிற் சுமந்த கிரேக்கப் புராண வீரனின் பெயர் அது. அதன் கீழுள்ளது அச்சென்பு. தலையை இடம்வலமாகத் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி இவ்விரண்டிற்குமிடையே நிகழ்கின்றது. இவை நிலைபெயரின் உள்ளே செல்லும் முண்ணாண் நசியும், கைகால் வழங்காமற் போகும், மூச்சும் ஒடுங்கலாம்.

ஆதலின் இவற்றைப் பிணைத்து அசையாதிருத்துவதே பரிகாரமாயிற்று. 1910 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களாகிய மிக்ஸ்ரர், ஒஸ்குட் என்போர் அவற்றைப் பட்டுநூலாற் கட்டினர். 1927 இல் ஜேர்மனியரான ஃபேர்ஸ்ரர், கணைக்காலின் மெல்லிய என்பொன்றை மண்டைக்கும் கழுத்துக்கும் பாலமாக வைத்தார். 1939 இல் கனடாவின் கலி உருக்குக் கம்பியை விதந்துரைத்தார். ஆயினும் கம்பி அறுவதுமுண்டு. ஒட்டவைத்த என்பு பொருந்தாமற் போவதுமுண்டு.

உறுதி வேண்டியோர் பின்னர்த் திருகாணியை நாடினர். மாகேர்ல் 1987 இலும், பம்பாயில் அதுல் கோயல் 1994 இலும், ஹாம்ஸ் 2001 இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். உறுதி கிடைத்தது, புதிய அச்சமொன்றும் உடன் வந்தது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் முள்ளென்பு நாடி, அச்சென்பின் துளையூடாக ஏறி, அற்லசின் மேல் வளைந்து உட்செல்வது. சிலரில் அது வழமையிலும் உயர்ந்து வளைவதால் திருகாணிக்கு இடம் குறுகும். நாடி கிழிபடின் பெருங்குருதிப் போக்கும், சிலவேளை மூளைத்தாக்கமும் விளையும். ஒரு பக்க நாடி ஊறுபட்டால் மறு பக்கத்தில் திருகாணி செலுத்தாது நிறுத்திக்கொள்வர். எஞ்சிய நாடியையும் பணயம் வைப்பது தகாதன்றோ!

இவற்றினும் வியப்பானது, கை தவறாதபோதும் நேரும் இடர். மண்டையோடு கழுத்தைப் பிணைத்த சிகிச்சை செவ்வனே முடிந்திருக்கும். திருகாணிகள் யாவும் உரிய இடத்தில் இருக்கும். நோயாளியோ விழித்தபின் ஒரு மிடறு நீரும் விழுங்கமாட்டார். சிலருக்கு மூச்சும் திணறும். வைத்தியர் என்பையே நோக்கினர். அதன் முன்னேயிருந்த தொண்டையை மறந்தனர் என்றே சொல்லவேண்டும். தலை சற்றுக் குனிந்த நிலையிற் பிணைக்கப்படின் தொண்டைவழி ஒடுங்கும். ஏனையோர் தலையை நிமிர்த்தி அதனைச் சீர்செய்துகொள்வர். பிணைக்கப்பட்டவருக்கு அது இயலாது. மண்டையின் அடிக்கும் அச்சென்புக்கும் இடையிலுள்ள கோணம் முன்னிருந்ததிலும் குறைதலே இவ்விடரை முன்னறிவிக்கும் என யப்பானிய வைத்தியர் மியாற்றாவும் துணைவரும் 2009 இல் எடுத்துக்காட்டினர். கோணத்தைத் திருத்துவதற்காக மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவரும் உளர். இப்பொழுது கோலை இறுக்கு முன்னரே, எக்ஸ் கதிர்ப் படத்தில் அக்கோணத்தை அளந்து பார்க்கின்றனர்.