பப்பாளிப் பாலும் முயல் காதும்



"மூட்டு ஜவ்வு போய்விட்டது" என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் குருத்தெலும்பு. ஒரு காலத்தில் மருத்துவர்கள் பலர் அதைச் சும்மா கிடக்கும் பொருளாகவே நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தவை சில முயல்கள்.

1947-இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், வேறு எதையோ ஆராயப் போய், பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற நொதியை முயல்களின் ரத்தக்குழாயில் செலுத்தினார். மறுநாளுக்குள் விறைத்து நின்ற காதுகள் வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கிவிட்டன. சில நாளில் தாமாகவே நிமிர்ந்தும் கொண்டன! காதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்; ஒன்றும் பிடிபடவில்லை. விட்டுவிட்டார்.

1955-இல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது அதையே மறுபடி செய்து காட்டினார். வகுப்பு என்பதால் முறைப்படி, சாதாரண முயலின் காதையும் வெட்டிப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் தெரிந்தது: குருத்தெலும்பின் செல்கள் அப்படியே இருந்தன; அவற்றைச் சூழ்ந்த விறைப்பான பொருள்தான் பெருமளவு கரைந்திருந்தது. (எட்டு வருடம் புரியாதது வகுப்பறையில் புரிந்திருக்கிறது. வாத்தியார்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) கரைந்ததைச் செல்கள் மீண்டும் உண்டாக்கியதால் காது நிமிர்ந்தது. வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசோன் கொடுத்த முயல்களுக்கோ காது நிமிரவில்லை. வீக்கத்தைக் குறைப்பது வேறு, ஜவ்வைக் காப்பது வேறு என்பதற்கு 1956-இலேயே கிடைத்த அடையாளம் இது.

முடக்குவாதத்தில் ஜவ்வைக் கரைப்பது யார்? கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல் என்ற அம்மையார், மூட்டின் உட்படலத்தையும் குருத்தெலும்பையும் கண்ணாடிக் கலத்தில் தள்ளித் தள்ளி வைத்து வளர்த்தார். தொடாமலேயே படலம் ஜவ்வைச் சிதைத்தது. ஏதோ ஒரு பொருள் தூது போகிறது என்று பொருள். இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் என்ற இரண்டும் அந்தத் தூதுவர்களில் முக்கியமானவை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

1991-இல் ஏதென்ஸில் ஜார்ஜ் கோலியாஸ் குழுவினர் மனித டிஎன்எஃப் மிகுதியாகச் சுரக்கும் எலிகளை உருவாக்கினர். அவற்றுக்கு மூட்டழற்சி வந்தது. டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்புரதம் கொடுத்தபோது வரவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வருடம் லண்டனில் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர் செய்தது. கொலாஜன் செலுத்தி எலிகளுக்கு மூட்டழற்சியை வரவழைத்து, பாதம் வீங்கிய பிறகும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியும் வலி வந்த பிறகுதானே மருத்துவரிடம் போகிறார்? வீக்கம் குறைந்ததோடு நிற்காமல் மூட்டை வெட்டியும் பார்த்தார்கள். உள்ளே சிதைவும் குறைந்திருந்தது.

அதே 1992-இல் லண்டனில் முதல் நோயாளிகளுக்கு இந்த வகை மருந்து தரப்பட்டது. 2000-இல் வெளியான 428 பேர் கொண்ட ஆய்வில், பழைய மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டோடு இதையும் பெற்றவர்களில் பலருக்கு மூட்டுச் சிதைவு நின்றிருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டின.

ஒன்று மட்டும். டிஎன்எஃப் காசநோய்க் கிருமியை அடக்கி வைக்கும் காவலாளியும்கூட. அதனால் இந்த ஊசியைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள். நம் உறவில் யாருக்காவது இந்த ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பரிசோதனை ஆயிற்றா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.