முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலி



அண்மையில் எங்கள் பள்ளியில் நடந்த பெற்றோர் சந்திப்பின்போது, மாணவி ஒருத்தியின் தாயார் மதிப்பெண் குறித்த பேச்சு முடிந்த பின்னும் இருக்கையைவிட்டு எழவில்லை. கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "டீச்சர், வீட்டு ஹாலை ரெட்ரோ மாதிரி மாத்தப் போறோம். நீங்க வரலாறெல்லாம் எழுதுவீங்களே, இது சரியா வருமான்னு பாருங்க" என்றார்.

படங்களைப் பார்த்தேன். நுனி சிறுத்த கால்களில் நிற்கும் தாழ்வான சோபா, தேக்கு நிறத்தில் நீண்ட அலமாரி, பிரம்புப் பின்னல் கொண்ட இரண்டு நாற்காலிகள், கடுகு மஞ்சளில் திண்டுகள். அழகாகத்தான் இருந்தன. தரைக்கு மரம்போல் தோன்றும் வினைல் விரிப்பு. இப்போது என்ன தரை இருக்கிறது என்று கேட்டேன். "பழைய மொசைக் டீச்சர். அதை உடைச்சிட்டுத்தான் போடணும்னு குத்தகையாளர் சொல்றாரு."

அவர்கள் வாங்கியிருப்பது பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதியில், அறுபதுகளில் கட்டப்பட்ட ஒற்றை மாடி வீடு. அதாவது, உண்மையான அறுபதாம் ஆண்டுகளின் முன்னறையை உடைத்துவிட்டு, அதே காலத்தைப் போன்ற ஒன்றைப் பணம் கொடுத்து அமைக்கப் போகிறார்கள். அன்று இரண்டு வரியில் ஏதோ மறுமொழி கூறி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இப்பாணியின் பெயர். ஐம்பதுகளில் நாற்காலி செய்தவரோ வாங்கியவரோ அதை 'மிட்-செஞ்சுரி' என்று அழைக்கவில்லை. அன்று அது வெறும் 'புதிய பாணி'. கேரா கிரீன்பெர்க் எனும் அமெரிக்க எழுத்தாளர் 1984-ஆம் ஆண்டில் ஐம்பதுகளின் அறைகலன்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அப்பெயரை இட்ட பிறகே அது பரவலாயிற்று. காலம் கடந்த பின் சூட்டப்பட்ட பெயர் என்பதால், எதை உள்ளே சேர்ப்பது, எதை விடுவது என்பதையும் பின்வந்தவர்களே முடிவு செய்தனர். கடைகளின் படங்களில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வீடுகள் சிறுத்தன. பாட்டன் காலத்துக் கனத்த நாற்காலிகள் அவற்றுக்குப் பொருந்தவில்லை. அதே வேளையில் போர்க்காலத் தொழில்நுட்பம் கைவசம் இருந்தது. அமெரிக்காவின் சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1942-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்காக ஒட்டுப்பலகையை வளைத்துக் கால்முறிவுக் கட்டு செய்து பழகியவர்கள். போருக்குப் பின் அதே உத்தியால் நாற்காலி செய்தனர். 1950-இல் அவர்களது கண்ணாடியிழை நாற்காலி வந்தது. இடையில் ஒரு செய்தி: இதே இணையர் இந்திய அரசின் அழைப்பில் அந்நாடு முழுவதும் சுற்றி, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்ததாக அவர்கள் பாராட்டியது எதைத் தெரியுமா? சொம்பை! நம் அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் அதே சொம்பைத்தான்.

டென்மார்க் நாட்டவர் தேக்கில் கைவைத்தனர். ஃபின் யூல், ஹான்ஸ் வெக்னர் போன்றோர் செய்த நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றன. 1960-ஆம் ஆண்டு கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் முதன்முதலாக விவாதித்தபோது, கென்னடி அமர்ந்திருந்தது வெக்னரின் நாற்காலியில்தான். ஆனால், டென்மார்க்கில் தேக்கு விளைவதில்லை. 1897-இல் தோன்றிய டேனிய கிழக்காசியக் கும்பினி சயாம் காடுகளில் தேக்கு வெட்டி, பாங்காக்கில் அறுத்து விற்றது. இப்படிக் கிழக்கிலிருந்து சென்ற மரம்தான் 'டேனியப் பாணி' எனும் பெயரோடு உலகெங்கும் விலைபோயிற்று. 'டீக்' எனும் ஆங்கிலச் சொல்கூட நம் பக்கத்துச் சொல்லே. மலையாளத் 'தேக்கு' போர்த்துக்கீசியர் வாயில் 'தேக்கா'வாகி ஆங்கிலத்திற்குச் சென்றது. தமிழிலும் அது தேக்குதானே!

பிரம்பின் கதையும் இதைப் போன்றதே. ஆங்கிலத்தின் 'ராட்டன்' மலாய்மொழியின் 'ரோத்தான்'. மாணவர்களிடம் இச்சொல்லைக் கூறினால் முதலில் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். நாற்காலி அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. பிரம்பு மரமன்று, காட்டு மரங்களைப் பற்றி ஏறும் பனையினத்துக் கொடி. தடித்த ரோத்தான் மானாவ் நாற்காலியின் சட்டத்திற்கு, மெல்லிய ரோத்தான் செகா பின்னலுக்கு. மேல்தோலைச் சீவி எடுத்த நாரை நீரில் ஊறவைத்துப் பின்னுவார்கள். காயும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். ஆணியோ பசையோ இல்லாமலேயே பின்னல் முரசுத்தோல்போல் விறைத்து நிற்பது இதனால்தான்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த பொருள். அந்தத் தாழ்ந்த சோபாக்களின் திண்டுகள் மெல்லியவை. பழைய நாற்காலிகளில் குதிரைமயிரும் சுருள்வில்லும் அடைத்து உயரமாக மெத்தை கட்டியிருப்பார்கள். அதை நான்கு விரற்கடை உயரத்திற்குக் குறைத்தது ரப்பர் நுரை. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1929-ஆம் ஆண்டில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தால் இறுகச் செய்தனர். முதல் முயற்சிக்குக் கேக் மாவு அடிக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்றும் சொல்வர். இத்தாலியில் பிரெல்லி நிறுவனம் அதே வகை நுரையைச் செய்து, அதை அறைகலன்களில் பயன்படுத்தவே ஆர்ஃபிளெக்ஸ் எனும் நிறுவனத்தை நிறுவியது. அங்கே மார்க்கோ ட்சனூசோ வடிவமைத்த 'லேடி' நாற்காலி 1951-இல் மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது.

நுரைக்கு வேண்டிய பால் எங்கிருந்து போயிற்று? மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மற்றது பெரும்பாலும் நீர். சுழற்பொறியில் இட்டு அதை அறுபது விழுக்காடாகச் செறிவாக்கி, கெட்டுப்போகாதிருக்க அம்மோனியா கலந்து கப்பலேற்றினார்கள். அக்காலத்தில் உலகின் முன்னணி ரப்பர் நாடுகளுள் மலாயா இருந்தது. அந்த மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். அவர் எடுத்த பால் யார் வீட்டுச் சோபாவின் திண்டாயிற்று என்று எவராலும் கூற இயலாது. அவர் தம் வாழ்நாளில் சோபாவில் அமர்ந்தாரா என்பது எனக்கு ஐயமே.

தோட்டத்தில் மூன்று வகை முன்னறைகள் இருந்தன. துரையின் பங்களாவில் தேக்கும் பிரம்பும் சேர்ந்த, கைகள் நீண்ட சாய்வு நாற்காலி. காலை அந்தக் கைகளின்மீது நீட்டிப் போட்டுக்கொள்ளலாம். இன்று கடைகளில் இதையும் ஐம்பதுகளின் பொருள் என்று விற்கிறார்கள். அது பிழை, அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட காலனித்துவ நாற்காலி. அடுத்தது கிராணி வீடு. நான்கு பிரம்பு நாற்காலி, நடுவில் வட்ட மேசை, அதன்மேல் கொக்கிப் பின்னல் விரிப்பு, மூலையில் வானொலி. மூன்றாவது லயத்து வீடு. அங்கே முன்னறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அஞ்சடியிலேயே பேச்சு, அங்கேயே உறக்கம். சிவப்புச் சிமெண்டுத் தரை, சுருட்டி வைத்த பாய், சாமிப் படம், மளிகைக்கடை நாள்காட்டி, சில வீடுகளில் தவணையில் வாங்கிய தையல் இயந்திரம்.

எங்கள் லயத்து வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. பணி ஓய்வு பெற்றுத் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட கிராணி ஐயா, தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரம்பு நாற்காலி. நான் சிறுமியாக இருந்த எண்பதுகளில் அதில் தாத்தா மட்டுமே அமர்வார். வீட்டுக்கு ஆசிரியர் வந்தால் அவருக்காக எழுந்து நிற்பார். மற்ற எல்லாருக்கும் பாய்தான். இரவில் மின்னாக்கி ஓடும் சில மணி நேரம் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்ப்போம். நாற்காலி சுவரோரம் இருந்ததை அதற்காகவே திருப்பி வைத்தார்கள்.

இந்தத் திருப்பம் எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு திசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. அதுவரை நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. பிறகு எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நான்கு கால்கள், மடக்குக் கதவுகள். பார்த்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டால் அதுவும் ஓர் அலமாரிதான். ரெட்ரோ முன்னறை அமைப்பவர்கள் ஓர் ஆள் உயரத்திற்குத் தட்டைத் திரையைச் சுவரில் மாட்டிவிட்டு, அதன்கீழ் அறுபதுகளின் அலமாரியை வைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பெட்டாலிங் ஜெயாவுக்கு வருவோம். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைப்பதற்காக 1952-ஆம் ஆண்டில் அந்நகர் உருவாகத் தொடங்கியது. அதற்கு எடுக்கப்பட்ட நிலம் எஃபிங்காம் எனும் ரப்பர் தோட்டம். ஏறத்தாழ 1,200 ஏக்கர். எனவே, மாணவியின் தாயார் குறிப்பிட்ட வீடு ஒருகாலத்துப் பால்மரக் காட்டின்மேலோ அதன் விளிம்பிலோதான் நிற்கிறது. அவ்வகை வீடுகளில் காற்று வருவதற்குச் சுவரில் துளைக்கற்கள், அடுக்குக் கண்ணாடிச் சன்னல், வளைவு நெளிவுகளோடு இரும்புக் கம்பிக் கதவு, கீழே மொசைக். நாம் மொசைக் என்று அழைப்பதில் இரண்டு வகை உண்டு. சிறு ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பது ஒன்று. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து தரையில் ஊற்றி, இறுகிய பின் பொறியால் தேய்த்து மெருகேற்றுவது மற்றொன்று. இரண்டாவதே 'டெராசோ'. வெனிசு நகரக் கைவினைஞர்கள் வீணாய்ப்போன கல்துண்டுகளைக்கொண்டு செய்யத் தொடங்கியது அது. வெடிப்புப் பரவாதிருக்க இடையிடையே பித்தளைப் பட்டை பதித்திருப்பார்கள். நம் வெயிலுக்குக் குளிர்ச்சி, வெள்ளம் புகுந்தாலும் கழுவிவிட்டால் போதும், மங்கினால் மீண்டும் தேய்த்து மெருகேற்றலாம். வினைல் விரிப்பில் இவற்றில் எதைச் செய்ய முடியும்?

சரி, அந்தத் தாயாரைக் குறைகூற எனக்குத் தகுதி உண்டா? அதையும் எழுதிவிடுகிறேன்.

தாத்தா மறைந்து, நாங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது அந்த நாற்காலியும் எங்களோடு வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்து முடித்து, பணியில் சேர்ந்து, கடன் பெற்று முதல் வீட்டைப் புதுப்பித்தேன். முன்னறைக்குத் தோல்போன்ற உறையிட்ட பெரிய சோபா வாங்கினேன். நாற்காலியின் இருக்கைப் பின்னல் ஒருபக்கம் கிழிந்திருந்தது. பழைய சாமான் வாங்குபவர் லாரியில் வந்தபோது செய்தித்தாள் கட்டுகளோடு அதையும் ஏற்றிவிட்டேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு வெள்ளி கொடுத்தார். மாலையில் அம்மா வந்து, "அப்பா நாற்காலி எங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பெரிய சோபாவில் அவர் அமர்ந்து நான் பார்த்ததும் இல்லை; வருபவர்களுக்கு இருக்கட்டும் என்று தரையிலேயே அமர்வார். சோபா ஏழே ஆண்டில் உரிந்து போயிற்று.

சண்டிகாரிலும் இப்படி நடந்துள்ளது என்பதைப் பின்னர்தான் படித்தேன். ஐம்பதுகளில் எழுந்த அந்நகரின் அலுவலகங்களுக்காகப் பியர் ழான்னெரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகள், பழசாகிவிட்டன என்று கூரைகளிலும் முற்றங்களிலும் குவிக்கப்பட்டு, கழிவுப் பொருளாக ஏலம் போயின. வாங்கிய வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று செப்பனிட்டுப் பெருந்தொகைக்கு விற்றனர். 2011-இல்தான் இந்திய அரசு விழித்துக்கொண்டு, அவற்றை விற்கவோ நாட்டைவிட்டு வெளியேற்றவோ கூடாதென உத்தரவிட்டது. அந்தச் செய்தியில் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிமேல் நாற்காலியாக, மழையில்.

சென்ற சனிக்கிழமை அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிர்பச்சையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் தெறித்த டெராசோ தரை. வாசலருகே மட்டும் ஒரு கோடாக வெடிப்பு. "உடைக்க வேண்டாம். தேய்த்து மெருகேற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்" என்றேன். கணவரிடம் பேச வேண்டும் என்றார். அவருடைய மாமியார் பின்கட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்தார். வீட்டை விற்றவர்கள் வேண்டாமென்று விட்டுச்சென்ற நாற்காலி ஒன்று வண்டி நிறுத்துமிடத்தில் கிடப்பதாகவும், குப்பை லாரி எடுக்க மறுத்துவிட்டதாகவும் கூறினார். போய்ப் பார்த்தேன். பிரம்பு நாற்காலி. சட்டம் உறுதியாக இருந்தது. பின்னல் மட்டும் போயிருந்தது. பின்னுபவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.